உம்மாவின் பெயர் எழுதிய பை

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
09.08.2025

அன்பு மகள் ஆதிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், உம்மாவுக்குச் சீனி குறைந்திருக்கிறது, என் முழங்கால் முன்பு இருந்த மாதிரியே இருக்கிறது, பல்கனியில் புதிதாகக் குடிவந்திருக்கும் ஆயிரத்துச் சொச்சம் பேரும் சுகம். அவர்கள் புழுக்கள், பயப்பட வேண்டாம், விபரம் கீழே வரும். அங்கே நீங்களும் மருமகன் அஸாமும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். இந்தக் கதையைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் குப்பை என்று வாயெடுத்தவுடன் அந்தப் பக்கம் நீங்கள் "ம், ம்" என்று கோப்பை கழுவத் தொடங்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. கடிதம் வாசித்துக்கொண்டு கோப்பை கழுவ ஏலாது. அதனால் எழுதுகிறேன், வியாழக்கிழமை டொரொன்டோ புறப்படும் பஹ்மியின் கையில் கொடுத்துவிடுவேன். போன மாதம் வீட்டுக் குப்பையை உக்க வைத்துப் பசளையாக்குங்கள் என்றதற்கு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா, "வாப்பா, பதினேழாம் மாடியில இதெல்லாம் சரிவராது, நாறும், பூச்சி வரும், நேரமும் இல்ல" என்று. மூன்று காரணங்களும் சரி. எங்களுக்கும் நாறியது, பூச்சி வந்தது, நேரம் போனது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், சந்தோசத்தில் கை ஓடுகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் கொம்பனை உங்களுக்குத் தெரியும். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு எங்கள் மாடி வீடுகளின் கேற்றடிக்கு வரும் மான்களில் ஒரு கொம்பு முறிந்தவன், நீங்கள் வந்திருந்தபோது உங்கள் கையில் வாழைப்பழத் தோல் வாங்கித் தின்றவன். உம்மாவுக்கு அவனில் தனிப் பிரியம், எனக்குத் தேத்தண்ணீர் ஆறினாலும் அவனுக்குத் தோல் பிந்தாது. எட்டு வீட்டுக்காரரும் குப்பையைச் சொப்பிங் பேக்கில் கட்டிக் கேற்றில் தொங்கவிடுவோம், குப்பை லொறி எட்டு மணிக்கு வரும், மான்கள் ஆறு மணிக்கே வந்துவிடும். இந்த ஊரில் நேரத்துக்கு வேலைக்கு வருகிறவை அவை மட்டும்தான். பையைக் கிழித்துத் தோலையும் சோற்றையும் தின்னும், சில வேளை பையையும் சேர்த்து. நாங்கள் எட்டு வீட்டுக்காரரும் பல்கனியில் நின்று, பாவம் மான், யார்தான் இப்படிப் பையைப் போடுகிறார்களோ என்று கவலைப்படுவோம்.

பெப்ரவரியில் ஒற்றைக் கொம்பன் செத்துப்போனான். அதை நாங்கள் உங்களுக்குச் சொல்லவில்லை. மிருக வைத்தியரிடம் வேலை செய்யும் றுவைஸ் அன்று பின்நேரம் வீட்டுக்கு வந்தான், கதிரையில் உட்காரவில்லை, "சாச்சா, வயித்துல ஒரு கூடை பொலித்தீன். அதுக்குள்ள இதுவும் இருந்திச்சு. வேற ஆள்ட கண்ணுல படாம எடுத்துக்கிட்டு வந்த" என்று சொல்லி ஒரு சின்ன மருந்துப் பையை என் கையில் வைத்தான். அதில் நீலப் பேனையால் நஜ்முன் நிஸா, காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதியிருந்தது. மானுக்கு நாலு இரைப்பை என்கிறார்கள், நாலையும் தாண்டி அந்த மை அழியவில்லை, காணி உறுதிகளை அந்தப் பேனையால் எழுதினால் இந்த மாவட்டத்தில் பாதி வழக்கு இருக்காது. நான் அதைச் சட்டைப் பைக்குள் போட முதல் உம்மா குசினி வாசலுக்கு வந்துவிட்டா. வாங்கிப் பார்த்தா. அலுமாரிக்குள் காணி உறுதி இருக்கும் பெட்டியில் அதை வைத்துப் பூட்டினா. அன்றிலிருந்து கேற்றுப் பக்க யன்னலை உம்மா திறக்கவில்லை. "இனி இந்த ஊட்டுல இரிந்து என்ட பேரோட ஒரு பையும் அந்தக் கேற்றுக்குப் போகப்படாது. போனா நான் தோப்பூருக்குத் தாத்தாட ஊட்டுக்குப் போயிருவன்" என்று மட்டும் சொன்னா. கல்யாணம் முடித்த முப்பத்தாறு வருடத்தில் உம்மா தோப்பூரில் இருக்கும் தன் அக்காவிடம் போவதாகப் பலமுறை சொல்லியிருக்கிறா, ஆனால் பஸ் நேரம் விசாரித்தது இதுதான் முதல் தடவை.

நான் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களின் சரக்கை எண்ணிப் பதிந்தவன், என் வீட்டிலிருந்து ஒரு நாளைக்கு என்ன வெளியே போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தேன். பாதிக்கு மேல் தோலும் கொட்டையும் காம்பும், அதாவது உக்குகிற குப்பை. அதை வீட்டிலேயே உக்க வைத்தால் மிச்சம் காகிதமும் போத்தலும்தான், அதில் மானுக்கு ஆர்வமில்லை. பதினொரு வீடியோ பார்த்தேன், இரண்டு கையேடு வாசித்தேன், ஒன்று மண்புழுவைப் பற்றிக் கிட்டத்தட்டக் காதல் கடிதம். பெயின்ற் வாளி மூன்று எடுத்து அடியில் துளை போட்டேன். சாம்பல்தீவில் ஒரு தோட்டக்காரரிடம் பால்மா டின்னில் புழு வாங்கி மடியில் வைத்து பஸ்ஸில் வந்தேன், பக்கத்தில் இருந்தவர் டின்னுக்குள் என்ன என்று கேட்டார், புழு என்றேன், அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டார், இரண்டு பேருக்கான இடம் எனக்குக் கிடைத்தது.

மூன்றாம் கிழமை நாறத் தொடங்கியது. சாதாரண நாற்றம் இல்லை மகள், துறைமுகத்தில் குளிரூட்டி பழுதாகி நின்ற மீன் கொள்கலனைத் திறந்த அனுபவம் எனக்கு உண்டு, அதை நான் மரியாதையோடு நினைத்துக்கொண்டேன். கீழ்வீட்டுப் பூரணி படியில் உம்மாவைக் கண்டு, "நிஸா அக்கா, உங்கட அவர் பல்கனியில கருவாடு போடுறாரோ, இல்லை ஆரையும் புதைச்சு வச்சிருக்கிறாரோ?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டவ. அடுத்த வெள்ளிக்கிழமை சிரிப்பு நின்றது. எங்கள் வாளியிலிருந்து ஒழுகிய கறுப்புத் தண்ணீர், கோயிலுக்குப் போகவென்று அவவின் கணவர் ஆனந்தராசா துவைத்துக் காயப்போட்டிருந்த வெள்ளை வேட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்திருந்தது. ஆனந்தராசா எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், செயலாளரும் அவரே, வேறு யாரும் கூட்டத்துக்கு வருவதில்லை. பதினான்கு படி ஏறி வந்து சொல்லியிருக்கலாம், அவர் பதிவுத் தபாலில் அனுப்பினார். யூலை கடைசி ஞாயிறு சங்கம் நேரில் வந்து வாளிகளைத் திறந்து மணந்து பார்க்கும், துர்நாற்றம் இருந்தால் அன்றே அகற்றப்பட்டு, குப்பை வழமைபோல் கேற்றில் கட்டப்பட வேண்டும் என்று எழுதியிருந்தது. உம்மா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பயணப் பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினா.

எனக்குப் பிழை எங்கே என்று பிடிபடவில்லை. மீன் போடவில்லை, இறைச்சி போடவில்லை, கையேட்டில் சொன்னபடி எல்லாம் செய்கிறேன், ஆனாலும் வாளிக்குள் சூப். கடற்காற்றைச் சந்தேகித்தேன். துளையைச் சந்தேகித்தேன். சாம்பல்தீவுப் புழுக்களுக்கு மாடி வாழ்க்கை ஒத்துவரவில்லையோ என்றும் யோசித்தேன், அவற்றின் மனநிலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியும் வைத்திருக்கிறேன், அதை உங்களுக்கு அனுப்ப மாட்டேன். பிறகு ஒருநாள் காலை மூக்குக்கண்ணாடியைத் தேடிக் குசினிக்குள் போனேன். உம்மா தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறா. பூசணித் தோல், பாகற்காய்க் குடல், வெங்காயச் சருகு எல்லாவற்றையும் வடியில் போட்டுக் கழுவுகிறா. ஒரு தரம் இல்லை, மூன்று தரம், பிரியாணிக்கு அரிசி களைகிற மாதிரி. பிறகு சொட்டச் சொட்ட அள்ளிக்கொண்டு வாளிக்குப் போகிறா. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "குப்பையெண்டாலும் நம்மட ஊட்டுக் குப்பை. சங்கத்துக்காரன் நாலு பேர் தொறந்து பாக்கப் போறான், அழுக்கா வெக்கவா சொல்றீங்க?" என்றா. முதல் நாளிலிருந்தே இப்படித்தானா என்று கேட்டேன். முதல் நாளிலிருந்தே இப்படித்தானாம்.

பதினொரு வீடியோவிலும் தோலைக் கழுவ வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, அப்படிக் கழுவுகிற மனிதர்கள் இருப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. புழுவுக்கு நீந்தத் தெரியாது நிஸா, தண்ணீரில் மூச்சு முட்டிச் சாகும், அதுதான் நாற்றம் என்று மெதுவாகச் சொன்னேன். கையில் இருந்த வடியைக் கீழே வைத்தா. "அப்ப அதுகளையும் நான்தானா கொன்ட?" என்று கேட்டா. அந்த "அதுகளையும்" என்ற சொல்லில் இருந்தது புழு மட்டும் இல்லை. அழுக்கு வேறு ஈரம் வேறு, எங்கள் குப்பை ஊரிலேயே சுத்தமான குப்பை, அதைக் காயவைத்தால் மட்டும் போதும் என்றேன். வடியைத் திரும்ப எடுத்துத் தண்ணீரை உதறிவிட்டு, "காய வெக்கிறத்துக்கு எனக்குப் படிச்சுத் தரணுமா? மொளகா காய வெக்கிற நான், கருவாடு காய வெக்கிற நான், இத முதல்லயே சொல்லியிருக்கப்படாதா, புத்தகத்த வாசிச்சுக்கிட்டு இரிந்த மனிசன்" என்று ஏசினா. ஐந்து மாதத்துக்குப் பிறகு வாங்கிய முதல் ஏச்சு. வீடு வீடு மாதிரி இருந்தது.

அன்றே பொறுப்பை உம்மா எடுத்துவிட்டா, நான் இப்போது உதவியாள். தோலைச் சுளகில் பரப்பிப் பல்கனி வெயிலில் வைப்பது, மத்தியானத்துக்குள் ஒரு சட்டித் தோல் ஒரு பிடியாகச் சுருங்கிவிடும், நாறுவதற்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. வாளிக்குள் அந்த ஒரு பிடிக்கு இரண்டு பிடி வேப்பஞ்சருகோ கிழித்த பழைய பத்திரிகையோ, மேலே ஒரு சாக்குத் துண்டு. உள்ளே பிழிந்த துணி அளவுக்குத்தான் ஈரம் இருக்க வேண்டும், கூடினால் பத்திரிகை, குறைந்தால் தண்ணீர் தெளிப்பு. இவ்வளவுதான் வேலை, ஒரு நாளைக்கு நாலு நிமிசம், நான் மணிக்கூடு வைத்துப் பார்த்தேன். பத்திரிகையில் ஆசிரியர் தலையங்கம் மிக விரைவாக உக்குகிறது, தேர்தல் வாக்குறுதிகள் எட்டாம் நாளில் அடையாளமே இல்லை, திருமண விளம்பரங்கள் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கின்றன.

யூலை கடைசி ஞாயிறு ஆனந்தராசா நாலு பேரோடு வந்தார், மூக்கைப் பொத்தியபடி ஒரு லேஞ்சித் துணி. உம்மா புதுச் சீலை உடுத்தித் தேத்தண்ணீரும் மஸ்கட் இனிப்பும் வைத்தா, பயணப் பையையும் எல்லோரும் காணும்படி வாசலில் வைத்தா. முதல் வாளியின் சாக்கை எடுத்தேன். ஆனந்தராசா தூரத்தில் நின்று மணந்தார், கிட்ட வந்து மணந்தார், லேஞ்சியை எடுத்துவிட்டு மணந்தார். "என்ன இது, மழை பெஞ்ச மண் மாதிரி மணக்குது" என்று ஏதோ குற்றத்தைக் கண்டுபிடித்தவர் போல எங்களைப் பார்த்தார். பூரணி கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, கறுப்பாய் உதிரியாய் இருந்ததை உதிர்த்துப் பார்த்து, "அக்கா, இதைக் கடையில வாங்கினனீங்கள், உண்மையைச் சொல்லுங்கோ" என்றா. தோலைச் சுளகில் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் உம்மா சொல்லிக் கொடுத்தா, தேத்தண்ணீர் ஆறிப்போனது. கூட்டக் குறிப்பில் ஆனந்தராசா தன் கையால் எழுதியதை அப்படியே தருகிறேன், துர்நாற்றம் காணப்படவில்லை, நறுமணம் பற்றிச் சங்கம் கருத்துக் கூற விரும்பவில்லை, தலைவரின் வீட்டுக்கும் ஒரு வாளி தேவை. இப்போது எட்டில் ஐந்து வீட்டில் வாளி இருக்கிறது. மற்ற மூன்று வீட்டாரின் பைகள் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள்.

முதல் அறுவடையை உம்மா பத்திரிகைத் தாளில் பை ஒட்டி ஐந்து வீட்டுக்கும் கொடுத்தா. ஒட்டிக்கொண்டு இருக்கும்போது அலுமாரியைத் திறந்து அந்த மருந்துப் பையை எடுத்து மேசையில் பக்கத்தில் வைத்தா. பிறகு நீலப் பேனையால் ஒவ்வொரு தாள் பையிலும் அதே மாதிரி எழுதினா, நஜ்முன் நிஸா, கிழமைக்கு ஒரு பிடி, வேரடியில். ஐந்திலும் தன் பெயரை முழுதாக எழுதினா. பூரணி அந்தப் பசளையைப் போட்டுக் கேற்றடியில் இரண்டு மரப்பெட்டியில் பொன்னாங்காணி வைத்தா, பத்து நாளில் பொங்கிக்கொண்டு வந்தது, நாளை சுண்டலாம் என்று இருந்தவ. நேற்றுக் காலை ஒரு பெண் மானும் குட்டியும் வந்து மேயத் தொடங்கின. பூரணி தும்புத்தடியோடு கீழே ஓடுகிறா, "ஐயோ என்ர கீரை, இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ" என்று சத்தம். எனக்குப் பின்னால் யன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. உம்மா தலையை வெளியே நீட்டி, "பூரணி, விடுங்க புள்ள, தின்னட்டும், நம்மட குசினில இரிந்து போனதுதானே" என்றா. குட்டி கடைசி இலை தின்னும்வரை அந்த யன்னலிலேயே நின்றா. பயணப் பை இப்போது கட்டிலுக்கு அடியில்.

மகள், இனி உங்கள் முறை. அங்கே வெயில் குறைவென்றால் அடுப்பு அணைத்த சூட்டில் தட்டை வைத்தால் வாடும், பத்திரிகை இல்லையென்றால் வீட்டுக்கு வரும் அட்டைப்பெட்டியைக் கிழியுங்கள், அஸாம் வாரத்துக்கு மூன்று பெட்டி வரவழைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மூடியுள்ள ஒரு வாளி, ஒரு பிடி தோல், இரண்டு பிடி காய்ந்தது, நாலு நிமிசம். உங்கள் இருவருக்கும் அல்லாஹ் தேக சுகத்தையும் பறக்கத்தையும் தரட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போங்கள், உம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், நீங்கள் அவவின் மகள் என்பதால் அடித்துச் சொல்கிறேன், தோலைக் கழுவ வேண்டாம்.

உங்கள் அன்பு வாப்பா,
கலீலுர் றஹ்மான்