ஆற்றுத் தெர்மாமீட்டர்

அன்புள்ள தம்பிக்கு,

ஊரே தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பகலில் உட்கார்ந்தால் குட்டி பேனாவைப் பிடுங்குகிறாள். அவள் அப்பா, உன் மாமா, வீட்டில் நடமாடும்போது இதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதைக் குறையாகச் சொல்லவில்லை. கிடங்கு வேலை எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே போனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் தாள் முடிந்துவிடும். ஏற்கெனவே மூன்று தாள் கிழித்தாகிவிட்டது.

போன ஞாயிறு குட்டியைக் குளிப்பாட்டத் தொட்டியில் தண்ணீர் கலந்தேன். முழங்கையை விட்டுப் பார்த்தாலே போதும் என்கிறார்கள். எனக்கு என் முழங்கைமேல் நம்பிக்கை கிடையாது. விடுதி விருந்தாளிகளை மீன்பிடிக்கக் கூட்டிப்போகும்போது மாமா கொண்டுபோகிற ஆற்றுத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு. குழந்தையை இறக்கினால் வீறிட்டு அழுகிறாள், கால் சிவந்துவிட்டது. பயப்படாதே, அப்போதே தூக்கிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை அதே தண்ணீரில் வைத்தேன். அது முப்பத்தொன்பது என்கிறது. எதை நம்புவது? டம்ளரில் ஐஸை நொறுக்கிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஆற்றுத் தெர்மாமீட்டரை நட்டுவைத்தேன். பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே மூன்று காட்டியது. இயற்பியலில் பட்டம் வாங்கியவள் அந்த டம்ளரைக் கால் மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மாமாவின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீ கடைசியாக அவரோடு ஆற்றுக்குப் போன அந்த வியாழக்கிழமை மதியம் பதினெட்டு டிகிரி என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் ஆறு இருபத்தொன்றில் இருந்திருக்கிறது. இருபதைத் தாண்டினால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். வெதுவெதுப்பான தண்ணீரில் தூண்டிலோடு போராடிய டிரவுட் மீனை எவ்வளவு பூப்போலத் திரும்ப ஆற்றில் விட்டாலும், பிழைத்த மாதிரி நீந்திப் போய் எங்கோ கீழே மல்லாந்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான்.

அன்றைக்கு நீ ஆற்றில் கையை விட்டு, "மாமா, தண்ணி சரியில்ல, நிறுத்திடலாம்" என்றாயாம். "ஏன்டா, உன் கையில டிகிரி எழுதியிருக்கா?" என்று கேட்டு விருந்தாளிகளைச் சிரிக்க வைத்ததை மாமாவே வந்து பெருமையாகச் சொன்னார். மறுநாள் பாலத்துக்குக் கீழே ஏழு மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. விடுதிக்காரர் கேட்டதும் மாமா, நீதான் படம் எடுப்பதற்காக மீனைத் தண்ணீருக்கு வெளியே ரொம்ப நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய், மாலை போடாத குறை என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். நீயும் ஒரு வார்த்தை பேசாமல் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். ஏன் பேசவில்லை? அந்தப் படத்தை நானும் பார்த்தேன். மீன் தண்ணீருக்கு வெளியேதான் இருக்கிறது. எத்தனை நொடி இருந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஒரு மீன் உன்னால் என்றே வைத்துக்கொண்டாலும் மற்ற ஆறு?

அந்த ஆறு மீனும் என்னால். சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறேன்.

கோடை தொடங்கியபோது ஒரு நாள் மேஜையில் தூண்டிலுக்கு இறகால் பொய்ப் பூச்சி கட்டிக்கொண்டிருந்தேன். நூலைச் சுற்றி முடிச்சுப் போடும்போது கண்ணை எடுக்க முடியாது, உனக்குத் தெரியும். நிமிர்ந்தால், நாற்காலியில் கிடந்த மாமாவின் சட்டையிலிருந்து கயிற்றோடு தெர்மாமீட்டரை உருவி, குட்டி வாயில் வைத்துச் சப்புகிறாள். ஆற்று அழுக்கு, மீன் சளி எல்லாம் பட்ட சாமான். பிடுங்கி, பால் புட்டிகளோடு சேர்த்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். எடுத்தபோது குழாயின் உச்சியில் சிவப்பாக ஒரு துளி தெரிந்தது. துடைத்துப் பார்த்தேன். அது உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. போகட்டும் என்று சட்டைப் பையில் போட்டுவிட்டேன். கீழே இருக்கிற சிவப்பிலிருந்து பிரிந்து மேலே ஒட்டிய அந்தத் துளிதான் குறைகிற மூன்று டிகிரி. வேறு யாராவது இப்படிச் செய்தால் நீயும் நானும் எப்படிச் சிரித்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதைக் குட்டியின் காலுறைகளுக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். எதற்கு ஒளித்தேன் என்று கேட்காதே. தப்பான அளவை வைத்து இன்னும் மீன் சாக வேண்டாம் என்று நினைத்தேன். மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்பது எனக்கே குழப்பமாக இருக்கிறது. மாமா வீட்டையே கவிழ்த்துப்போட்டுத் தேடினார். கடைசியில் குட்டிதான் ஆற்றில் எறிந்திருப்பாள் என்று அவளையே சந்தேகப்பட்டு, புதிதுக்குச் சொல்லியிருக்கிறார். வர பத்து நாள் ஆகும்.

இன்று பதினொரு மணிக்கே திரும்பிவிட்டார். விருந்தாளிகள் முகம் சுளித்தார்களாம். தண்ணி சூடா என்று கேட்டேன். "தெரியல. பதினஞ்சு வருஷம் பனித் தண்ணில நின்ன கை. எதைத் தொட்டாலும் ஜில்லுன்னுதான் இருக்கு" என்றார். சாயங்காலம் குட்டிக்கு ஊட்டும்போது, என் பக்கம் திரும்பாமல், "உன் மாமன் இருந்தா கையை விட்டுப் பார்த்துச் சொல்லியிருப்பான், இல்லடி?" என்று உன்னைச் சொல்லி அவளிடம் கேட்டார். அதைக் கேலியாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா, எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாரா, ஒன்றும் பிடிபடவில்லை. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஸ்பூனைக் கழுவப் போய்விட்டேன்.

உன் பதில் வந்த பிறகு அவரிடம் சொல்லலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். இப்போது அது சரியாகப் படவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போகிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டம் வருகிறது. விடிந்ததும் அவர் கிளம்புவதற்கு முன் ஐஸ் டம்ளரையும் அந்தத் தெர்மாமீட்டரையும் மேஜையில் வைத்துவிடுவேன். நான்கு நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பார். என்ன சொல்வேன் என்று தெரியாது. விடுதிக்காரரிடம் போய்த் தன் வார்த்தையை அவர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதும் தெரியாது. அவர் உன்னைக் கூப்பிட்டால் மட்டும் போனை எடு.

மேலே ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறேன். அடித்ததைப் படிக்க முடிந்தால் படித்துக்கொள். வா என்று கூப்பிட எனக்கு இப்போது உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. எங்கே இருந்தாலும் உடம்பு நோகாமல், மனம் நோகாமல் இரு.

என்மேல் கோபம் என்றால் அதையாவது எழுது. ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
அக்கா