மழைக்கு முதுகு காட்டும் கோபுரம்

த்ரீ கிங்ஸ்
12.03.2023

அன்புள்ள பாஸ்கரன் அண்ணாவுக்கு,

நீங்கள், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? மனுரேவாவில் கட்டப்போகும் எங்கள் தமிழ் மண்டபத்துக்கு நான் வரைந்த படத்தை மடிக்காமல் சுருட்டி அனுப்புகிறேன். கூரைமேல் நிற்பது காற்றுக் கோபுரம். மின்சாரம் இல்லாத காலத்திலேயே ஈரானில் வீட்டுக்குள் காற்றை இறக்கிக் கொடுத்தது இதுதான். 2019இல் யாஸ்த் நகரத்து மொட்டைமாடிகளில் ஏறி இறங்கியே என் லீவு முழுவதும் போனது. உனக்கென்ன விசரா என்று அம்மா கேட்டா. இருக்கட்டுமே!

இது முதல் வரைவுதான், திருத்த வேண்டியது இருக்கிறது. மண்டபக் கமிட்டியோடு நீங்களே கதையுங்கோ, கூட்டத்தில் எனக்கு வாய் வராது. படத்தின் மூலையில் என் பேர் மட்டும் இருக்கட்டும்.

உங்கள் தங்கச்சி
ராகவி


கிளென்ஃபீல்ட்
30.04.2023

அன்புத் தங்கச்சிக்கு,

படம் வடிவாக இருக்கிறது. ஆனால் கமிட்டியில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "ஈரான் கோபுரம் எங்களுக்கு எதுக்கு?" என்று தலைவர் தியாகலிங்கம் அண்ணரே கேட்டுவிட்டார். மனதைத் தளர விடாதே. அண்ணி உனக்கு மிளகாய்த்தூள் எடுத்து வைத்திருக்கிறா, வந்து வாங்கிப் போ.

அண்ணா


த்ரீ கிங்ஸ்
17.11.2024

அண்ணா,

நேற்று மண்டபத் திறப்பு விழாவுக்கு நீங்கள் அழைக்காமலே வந்தேன். காரை விட்டு இறங்கி நிமிர்ந்தால், கூரைமேல் என் கோபுரம் நிற்கிறது! தியாகலிங்கம் அண்ணர் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தி, "முழு டிசைனும் பாஸ்கரன்ட மூளை" என்றார். நீங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினீர்கள். கடைசி வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவருக்கும் பிடிக்கவில்லை என்றீர்களே! அதை நம்பி, மிளகாய்த்தூள் போத்தலை வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்லிவிட்டு வந்தவள் நான். கேட்டிருந்தால் உங்கள் பேரையும் பக்கத்திலே சந்தோஷமாகப் போட்டிருப்பேனே.

ராகவி


கிளென்ஃபீல்ட்
15.06.2025

அன்புத் தங்கச்சி,

போனை எடுக்கிறாய் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஓம், நான் செய்தது பிழைதான். வேலை போன நேரம், நாலு பேர் மதிக்கிற மாதிரி ஏதாவது வேண்டியிருந்தது.

இப்போது கோபுரத்தால் மழை உள்ளே கொட்டுகிறது. நடன வகுப்பில் எங்கள் சின்னவள் சிவானி வழுக்கி விழுந்து கை முறிந்துவிட்டது. நீ வரைந்தபடியே நாலு பக்கமும் திறந்துதான் கட்டினோம். எங்கே பிழை என்று பிடிபடவில்லை. 29ஆம் திகதி கமிட்டி கூடுகிறது. யாருக்கும் தெரியாமல் ஒரு வழி சொல்லு. உன் காலில் விழுகிறேன்.

அண்ணா


த்ரீ கிங்ஸ்
26.06.2025

திரு. பாஸ்கரன் அவர்களுக்கு,

நாலு பக்கமும் திறப்பது மழையே காணாத யாஸ்துக்குச் சரி. அதற்குப் பக்கத்து ஊரில், தூசிக்காற்று வரும் திசைக்குக் கோபுரம் முதுகைக் காட்டி நிற்கும். எங்களுக்குத் தூசிக்குப் பதில் மழை. மழைக்காற்று அடிக்கிற பக்கங்களை அடைத்து மற்றதைத் திறந்தால் போதும், உள்ளே இருக்கிற புழுக்கத்தை அதுவே வெளியே இழுத்துவிடும். இதைத்தான் திருத்த இருக்கிறது என்று அப்போதே எழுதினேன். நீங்கள் பொய் சொன்னதால் திருத்திய படம் என் மேசையிலேயே கிடந்தது.

நேற்றுச் சிவானியைப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பார்த்தேன். கைக்கட்டின் மேல் ஒரு பூ வரையச் சொன்னாள், வரைந்தேன். இன்று காலை, திருத்திய கோபுரப் படத்தைத் தியாகலிங்கம் அண்ணரிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் இரண்டு கடிதங்களையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

அண்ணியின் போத்தலைக் கழுவி வைத்திருக்கிறேன், அவவிடமே கொடுப்பேன். 29ஆம் திகதி கூட்டத்துக்கு நானும் வருகிறேன். என் படத்தைப் பற்றி இந்த முறை நானே கதைப்பேன்.

ராகவி