ஹல்லாவேசி நீச்சல் குளத்தில் மைத்துனரின் காவல்

அனுப்புநர்:
துய்யா ரவுத்தியாய்னென்,
உயிர்காப்பாளர், நகராட்சி நீச்சல் குளம்,
ஹல்லாவேசி, பின்லாந்து.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
ஹல்லாவேசி.

பொருள்: தேர்வின்றி உறவினரையும் நண்பரையும் பணியமர்த்தியதால் ஓர் உயிர் போகவிருந்தது, விசாரணை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குளத்தின் மேலாளரைத் தாண்டித் தங்களுக்கே நேராக எழுதுகிறேன். விதிப்படி என் புகார் முதலில் பாதுகாப்பு அலுவலர் ராய்மோவிடம் போக வேண்டும். அவர் மேலாளர் யோர்மாவுடன் வேட்டைக்குப் போகும் நண்பர்; அந்த நட்பாலேயே தேர்வின்றி இந்தப் பதவிக்கு வந்தவர். அடுத்து யோர்மாவிடம் போக வேண்டும். அலுவலகத்துக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பவர் யோர்மாவின் மனைவி மார்க்கெத்தா. நான் புகார் சொல்லப்போவதோ மார்க்கெத்தாவின் தம்பி எஸாவைப் பணியமர்த்தியது பற்றி.

2. எஸா கெட்டவர் அல்லர். கார் டயர் கடையில் நல்ல பெயர் எடுத்தவர். கடை மூடப்பட்டதும், நீச்சல் தேர்வு எதுவும் வைக்காமல், அவர் கழுத்தில் விசிலை மாட்டி உயிர்காப்பாளர் ஆக்கிவிட்டார் யோர்மா.

3. சென்ற மாதம், முதியோர் தண்ணீர்ப் பயிற்சியின்போது, திருமதி அவுனே மயங்கி ஆழமான பகுதியில் மூழ்கினார். அவருடைய தோழிகள் அலறினார்கள். பணியில் இருந்த எஸா நீண்ட கம்பை நீட்டியபடி கரையிலேயே நின்றார். அடியில் நினைவிழந்து கிடப்பவர் கம்பை எப்படிப் பிடிப்பார், ஐயா? வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டு ஓடிவந்து, கோட்டும் காலணியுமாகக் குதித்து அவரைத் தூக்கி வந்தேன். மூச்சு திரும்பியது. இன்று அவர் வீட்டில் நலமாக இருக்கிறார்.

4. அன்று உடை மாற்றும் அறையில் எஸா அழுதார். "எனக்கு ஆழம்னாலே பயம், துய்யா. அத்தான்கிட்ட அப்பவே சொன்னேன். 'சும்மா நின்னா போதும்டா, இங்க யாரு மூழ்கப் போறா'ன்னு சிரிச்சாரு" என்றார். அவருக்கும் அநியாயமே நடந்திருக்கிறது.

5. மூதாட்டி வழுக்கி விழுந்தார் என்றும், ஊழியர்கள் இணைந்து மீட்டனர் என்றும் ராய்மோ அறிக்கை எழுதினார். நான் மறுத்தேன். யோர்மா என்னை அழைத்து, "நாம எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி இருக்கோம். நீ மட்டும் ஏன் முறைச்சுக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டார். "குடும்பம் மாதிரி இல்ல, யோர்மா. உங்க குடும்பமேதான். நான் ஒருத்திதான் வெளியாள்" என்றேன். மறுநாள் முதல் என்னைச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் உட்காரச் சொன்னார்கள். குளக்கரையில் மீண்டும் எஸாவே நிற்கிறார்.

6. திருமதி அவுனே தொலைபேசியில் கேட்டார்: "இன்னிக்குக் கரையில யாரு? நீயா, அந்தப் புள்ளையா? நீ நின்னாத்தான் நாங்க வருவோம்." அவர்கள் வருவதில்லை. வருகிற மற்றவர்களுக்கோ, கரையில் நிற்பவர் ஆழத்துக்குப் பயப்படுபவர் என்பது தெரியாது. எனக்குத் தூக்கம் கெடுவது அதனால்தான்.

7. எனவே, வெளியூர் அதிகாரி ஒருவரைக் கொண்டு இந்நிகழ்வை விசாரிக்க வேண்டும். கரையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும், என்னையும் சேர்த்து, புதிதாகத் தேர்வு வைக்க வேண்டும். எஸாவை வேலையிலிருந்து துரத்த வேண்டாம். அவருக்குத் தெரிந்த வேலையைக் கொடுங்கள். என் மகள் ஹில்லாவும் கோடைக்கால வேலைக்கு இங்கே விண்ணப்பித்திருக்கிறாள். அவளை நானோ என் நண்பர்களோ சோதிக்கக் கூடாது. தேறாவிட்டால் அவளுக்கு வேலை தரவே கூடாது.

8. விண்ணப்பம் முடிந்தது, இனி என் முடிவு. வரும் திங்கட்கிழமை முதல் நான் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் உட்காரப் போவதில்லை. நீச்சல் உடையில் ஆழமான பக்கத்துக் கரையில் நிற்பேன். என்னை அங்கிருந்து அகற்ற விரும்புபவர் எவராயினும், தண்ணீரில் இருப்பவர்கள் முன்னிலையில், காரணத்தை உரக்கச் சொல்லி அகற்றட்டும்.

நாள்: 14 மார்ச்
இடம்: ஹல்லாவேசி

இன்றும் உயிர்காப்பாளராகவே கையொப்பமிடும்,
துய்யா ரவுத்தியாய்னென்