ட்ரெய்லருக்குள் தெரிந்த வெளிச்சம்

ஃப்ரெஸ்னோ, கலிஃபோர்னியா

அன்புள்ள ரஜ்வந்துக்கு,

சத் ஸ்ரீ அகால். பீஜி அம்மாவின் மூட்டுவலி தேவலையா? நம் மகள் அழாமல் பள்ளிக்குப் போகிறாளா? நான் நலம்.

லாரியில் பூட்ட, பழைய குளிர்சாதன ட்ரெய்லர் ஒன்றைப் பார்க்கப் போனோம். ஓட்டை இருந்தால் வெளிச்சம் தெரியும் என்று நான் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொன்னேன். கும்மிருட்டு. திருப்தியோடு திறக்கச் சொன்னால், தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. குளிர்மெஷினோ ஓடிக்கொண்டிருந்தது.

"பல்கார் பாஜி, பயப்படாம எதையாவது பேசிக்கிட்டே இருங்க!" என்று கத்தினான் நண்பன் நிர்வைர்.

"முதல்ல மெஷினை நிறுத்துடா!"

குளிர் தாங்காமல் சுருண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் தரையோரம் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தது. ஒருவழியாகக் கதவு திறந்தது.

"சின்ன ஓட்டைதானே?" என்றார் விற்பவர்.

"அந்த ஓட்டை போதும், ஒரு லோடு பழமும் அழுகிடும்" என்று வந்துவிட்டேன்.

வேறொன்று வாங்கிவிட்டோம். அதில் தாழ்ப்பாளைத்தான் முதலில் பார்த்தேன். நாளை திராட்சை ஏற்றுகிறேன். வழியில் பாலைவனத்தில் மெஷின் நின்றால் எல்லாம் போச்சு. இன்னொன்று வாங்க நம்மால் முடியாது. நீ கவலைப்படாதே.

கம்பளிக் காலுறை அனுப்பு. கூடவே, லாரியில் போட்டுக் கேட்க, ஒரு கேசட்டில் பேசி அனுப்பு. எருமையைத் திட்டுவதானாலும் சரி, இரண்டு பக்கமும் நிரம்பியிருக்க வேண்டும்.

நிர்வைர் ஹாரன் அடிக்கிறான்.

உன்
பல்கார்