நங்கூரத் தெருவின் கடைசி வீட்டுக் கதவு

அனுப்புநர்:
இ. ஜூடி,
ஜாப் டைப்பிங் நிலையம்,
டோல்கேட், சென்னை.

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
தமிழ் இணையக் கலைக்களஞ்சியம்.

பொருள்: ‘நங்கூரத் தெரு’ கட்டுரையை நீக்காதிருக்கவும், அதிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சேர்க்கவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அரசு அதிகாரி அல்ல, சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்பவர் என்பதை அறிவேன். ஆயினும் ஊராருக்கு ரேஷன் கார்டு, பட்டா மனுக்கள் அடித்துக் கொடுத்தே பதினோரு வருடம் போய்விட்டதால், எனக்குக் கேட்கத் தெரிந்த முறை இது ஒன்றுதான்.

1. திருவொற்றியூர்க் கடலோரத்தில் எங்கள் நங்கூரத் தெரு இருந்தது. 2003-இல் அதில் மிஞ்சியிருந்த வீடுகளையும் கடல் கொண்டுபோனது. சென்ற ஆண்டு அத்தெருவைப் பற்றித் தங்கள் களஞ்சியத்தில் பதினான்கு வாக்கியங்களில் ஒரு கட்டுரை எழுதினேன்.

2. கடந்த ஜூன் 9 அன்று, பெயர் பதியாத ஒருவர் அதில் ஒரு வாக்கியம் சேர்த்தார்: “கடைசி வீட்டுக் கதவு மழைக்காலத்தில் சாத்த வராது, நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்குவார்கள்.” பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். அவை ஏதோ வெளிநாட்டைச் சேர்ந்தவை என்பதற்கு மேல் பிரவுசிங் சென்டர் மஜீது பாயால் சொல்ல முடியவில்லை.

3. அந்தக் கடைசி வீடு எங்களுடையது. நாற்காலி விஷயத்தை வெளியில் சொல்ல வெட்கப்பட்டோம். அப்பா, நான், தம்பி பாஸ்கல் மூவருக்குத்தான் தெரியும். கப்பல் வேலைக்குப் போகக் கூடாது என்று அப்பா போட்ட சண்டையில், 2000-ஆம் ஆண்டு பாஸ்கல் வீட்டை விட்டுப் போனான். அப்பா இறந்தது அவனுக்குத் தெரியாது. இனி அவன் கடிதம் போட்டாலும் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுக்க அங்கே தெரு இல்லை.

4. மறுநாளே ஆதாரமில்லை என்று அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டீர்கள். மூன்று முறை திரும்பச் சேர்த்தேன். ‘தொகுத்தல் போர்’ செய்கிறேன் என்று எச்சரித்தீர்கள். ஐயா, நான் யாருடனும் போருக்கு வரவில்லை. எட்டு வருடம் கழித்துத் தம்பி வாயைத் திறந்திருக்கிறான். அதை அழித்தால் என் கை சும்மா இருக்குமா? அவன் மறுபடி வந்து பார்த்திருந்தால், வீட்டில் இன்னும் கோபம் தீரவில்லை என்றல்லவா நினைத்திருப்பான்? எனக்கு அவனைப் பார்க்க வேண்டும்.

5. இப்போது முழுக் கட்டுரையும் ஏழு நாளில் நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்துள்ளது. “தெருவே இல்லியேக்கா, அதுக்குப் போயி இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு?” என்கிறார் மஜீது பாய். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் என் இன்றைய முகவரியை எழுதி வைத்திருக்கிறேன். கட்டுரை போனால் அதுவும் போய்விடும்.

தெருப் பெயருக்கு அப்பாவின் பழைய ரேஷன் கார்டு நகலை இணைத்துள்ளேன். அச்சில் வந்த ஆதாரம் அல்ல என்பீர்கள். கதவுக்கு அதுவும் கிடையாது. எங்கள் மனுக்களில் ஆவணம் இல்லாத இடத்தில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுவது வழக்கம். இரண்டாம் சாட்சி வந்து சேரும் வரை அந்தப் பக்கத்தை விட்டுவைக்குமாறு தங்களை மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: டோல்கேட்
நாள்: 03.09.2008

இப்படிக்கு,
இ. ஜூடி

சாட்சி 1: இ. ஜூடி
சாட்சி 2: இ. பாஸ்கல் (கையெழுத்து பின்னர்)