ஒன்பது மணித் தண்ணீர்

மாமா,

நேற்றைய காற்றில் பலகைகளை மூடியிருந்த ஃப்ளெக்ஸ் பேனர் புரண்டுவிட்டது. இழுத்துக் கட்டப் போனபோது ஈரப் பலகைகளிலிருந்து குங்கிலிய வாசனை வந்தது. கப்பலின் இடுக்குகளில் அப்பா எண்ணெயோடு காய்ச்சி அடைத்த குங்கிலியம். பேனரில் நீங்கள். கறுப்புக் கண்ணாடி, கண்ணீர் அஞ்சலி, 'கப்பல் மீட்ட ஆழ்கடல் சிங்கம்'. நீங்கள் செத்தபோது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாரம் நின்றது. முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காத சிங்கம். உங்களுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கப்பல் படம் போட்டிருந்தார்கள். நம்முடையது மரக்கப்பல் என்றுகூட யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. உங்களைக் குப்புறப் போட்டுத்தான் கட்டியிருக்கிறேன்.

யாரோ கைவிட்ட அந்த இரட்டைப் பாய்மரக் கப்பலை வாங்கி, சுற்றுலாக்காரர்களை ஏற்றலாம் என்று அப்பா இரண்டு வருஷம் பலகை மாற்றினார். புயலில் கயிறு அறுந்து கடலூர் முகத்துவாரத்து மணல்திட்டில் ஏறி ஒருக்களித்துக் கிடந்தது. கப்பலைச் சுற்றி மணல் வாரும் ஆட்களுக்குச் சோறாக்க ஆள் இல்லை. அம்மாவுக்கு இடுப்பு முடியாது. பத்தாம் வகுப்பு பாதியில் நான் நின்றேன். "கப்பல் மெதந்துட்டா நீ மறுபடியும் ஸ்கூலுக்குப் போ" என்றார் அப்பா.

அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து உங்கள் கிரேனோடு வந்தீர்கள். பெண்ணாடம் ஆலைக்குப் போகிற கரும்பு லாரிகள் கவிழ்ந்தால் தூக்கிவிடுகிற கிரேன். அப்பா தயங்கினார். "கரும்போட லாரியே தூக்குறேன் மச்சான், இந்தக் கட்டைய தூக்க மாட்டனா?" என்று கேட்டுவிட்டு மீன் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னீர்கள். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று குறையும் சொன்னீர்கள்.

சோறு வேகும் நேரத்தில் எனக்கு வேறு வேலை இல்லை. ஆற்றில் நட்ட மூங்கிலில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து, கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்தேன். பௌர்ணமி சனிக்கிழமை, காலை ஒன்பது ஒன்பதேகாலுக்கு நிறைய ஏறும். அதை வாங்கி, நீங்களே கணக்குப் போட்டதாக எல்லாரிடமும் சொன்னீர்கள். போகட்டும். அதன்படி இழுத்திருந்தால் அதையும் மன்னித்திருப்பேன்.

அன்று ஒன்பதுக்குக் கப்பல் லேசாக ஆடியது. ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள். நீங்கள் அன்றைய தாளைக் கிழித்துப் பார்த்து, ராகு காலம், பத்தரைக்கு மேல்தான் இழுக்க வேண்டும் என்றீர்கள். பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு டீ குடித்தீர்கள். நீங்கள் போட்ட அந்தத் தாளை எடுத்து, பின்பக்கம் ஒன்பது மணித் தண்ணீரைக் குறித்துக் கையிலேயே வைத்திருந்தேன். பத்து மணிக்கு மூங்கிலில் ஒரு சாண் இறங்கியிருந்தது. அத்தனை ஆண்கள் முன்னால் எனக்குக் குரலே வராது. இருந்தும் உங்கள் பக்கத்தில் வந்து சொன்னேன்.

"மாமா, தண்ணி எறங்குது."

"தண்ணி எங்கியும் ஓடிப் போயிடாது. நீ போயி சோத்தப் பாரு."

தண்ணீர் போய்விட்டது. பத்தரைக்குப் பூசணிக்காய் உடைத்தீர்கள், பத்து நாற்பதுக்குக் கப்பலை உடைத்தீர்கள். மணலில் உட்கார்ந்துவிட்டதைக் கரும்பு லாரி போல இழுத்ததில் அடிக்கட்டை முறிந்து, முன்பக்கம் தனியாகப் பிய்ந்து வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்த அப்பா கரையேறவே இல்லை; வெகுநேரம் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மிச்சத்தைப் பலகை பலகையாகக் கழற்றியது அப்பாதான். இப்போது அவர் அடுத்தவர் படகுக்கு ஐஸ் சுமக்கிறார். நான் பள்ளிக்குத் திரும்பவில்லை. சுக்கானின் சக்கரம் மட்டும் உங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் அதற்கும் மாலை போட்டார்கள். "நீயும் அங்கதான இருந்த?" என்று ஒரு அத்தை கேட்டாள். தலையாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமைத் தாள் என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் உங்கள் பத்தரை, பின்பக்கம் என் ஒன்பது. தூக்கி எறியலாம்தான். ஆனால் அதன் ஓரத்தில் உங்கள் ரத்தம் காய்ந்திருக்கிறது.

கப்பலின் முன்பக்கம் பிய்ந்ததும் கம்பிக் கயிறு சாட்டை மாதிரி கிரேனுக்குத் திரும்பி வந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நீங்கள்தான் என் பின்கழுத்தைப் பிடித்து மணலில் அமுக்கி, மேலே விழுந்தீர்கள். கயிறு உங்கள் தோளைக் கிழித்துக்கொண்டு போனது. லாரி வேலையில் கற்ற ஒரே உருப்படியான விஷயம்.

அந்த ஒரு தடவை நீங்கள் நேரம் பார்க்கவில்லை, மாமா. கப்பலுக்கும் பார்க்காமல் இருந்திருக்கலாம்.