புயலுக்குக் காத்திருக்கும் படகுகள்

போர்த்மாரன், கார்ன்வால்
9 நவம்பர் 1986

அன்பு மகள் கெரென்சாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம், மனசளவில் எப்படி என்பது படிக்கப் படிக்க உனக்கே தெரியும். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்னதும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கெட்டிலை அடுப்பில் வைக்கும்போதே வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் நியூசிலாந்து வந்து சேர்வதற்குள் உன் அப்பா போனில் பேசியிருப்பார், பதினேழாம் தேதி விமானத்தில் நாங்கள் வரவில்லை என்று சொல்லியிருப்பார். ஏன் என்று கேட்டிருப்பாய், சினிமாப் படக்காரர்கள் வேலை இன்னும் முடியவில்லை என்று முனகிவிட்டு ரிசீவரை என் கையில் கொடுத்திருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது போனில் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

படக்காரர்கள் வந்த கதை பாதி உனக்குத் தெரியும். நம் குடாவும் பாறையும் மாதிரி இந்தக் கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று சொல்லிக் கொண்டாடினார்கள், நாமும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். இப்போது நம் வாசல் கதவுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள், படம் பழங்காலத்துக் கதையாம், சிவப்பு அந்தக் காலத்தில் கிடையாதாம். டிவி ஏரியலைக் கழற்றிவிட்டார்கள். முன் ஜன்னல் திரையை நான் கொஞ்சம் விலக்கினால் போதும், ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி மூடச் சொல்கிறார்கள். துணியை வெளியே உலர்த்தக் கூடாது, அதனால் சமையலறை முழுக்க உன் அப்பாவின் பனியன்கள் தொங்குகின்றன, சூப்பில் ஒரு நாள் ஒரு பனியனின் கை விழுந்து முக்குளித்தது. படம் பிடிக்கத் தொடங்கும் மணி அடித்தால் யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே அசையாமல் நிற்க வேண்டும். அப்படி ஒரு நாள் கரி வாளியோடு பாஸ்கோ வீட்டுக் கோழிக் கொட்டகையில் மாட்டிக்கொண்டேன், கோழிகளும் நானும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றோம், அவற்றுக்காவது பழக்கம் இருந்தது. கோடையில் வருகிற கூட்டத்தை எறும்புகள் என்று திட்டுவோமே, அவர்களாவது செப்டம்பர் வந்தால் மூட்டை கட்டுவார்கள். இவர்கள் போவதாகக் காணோம். போகாததற்குக் காரணம் நாம்தான், அதிலும் உன் அப்பாதான். இமோஜென் என்கிற பெண்தான் படக்காரர்கள் சார்பில் ஒப்பந்தம் பேச வந்தாள். நல்ல பெண், கடைசித் தேதி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். நம் துறையின் ஏழு படகுக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். உன் அப்பா, "தேதி எதுக்கும்மா, அக்டோபர்ல இங்க புயலுக்கா பஞ்சம், மூணே நாள்ல ஊதி அனுப்பிடறோம் பாரு" என்றார். அதனால் புயல் காட்சி எடுத்து முடியும்வரை துறையில் இருக்கிற எந்தப் படகும் இடம் மாறக் கூடாது என்று மட்டும் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முன்னால் எடுத்த காட்சிகளில் எந்தப் படகு எங்கே நின்றதோ பின்னால் எடுப்பதிலும் அங்கேயே நிற்க வேண்டுமாம். நீ இங்கே பிறந்து வளர்ந்தவள், அக்டோபரில் கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்து எப்போதாவது பார்த்திருக்கிறாயா? இந்த வருஷம் அப்படித்தான் கிடந்தது. மத்தி மீன் கூட்டம் கூட்டமாகக் குடா வாய் வரைக்கும் வந்தது. நியூலின் துறைமுகத்துப் படகுகள் வந்து நம் கண் எதிரிலேயே அள்ளிக்கொண்டு போயின, நம் ஆட்கள் பழங்காலக் குல்லாயை மாட்டிக்கொண்டு கரையில் நின்று பார்த்தார்கள். ஆப்பசைத்த குரங்கின் கதைதான். ஒருவரும் உன் அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் சேப்பலில் நம் பெஞ்சில் இப்போதெல்லாம் தாராளமாக இடம் கிடைக்கிறது.

இதெல்லாம் கூடப் போகட்டும். நம் படகைத்தான் கதாநாயகனின் படகு என்று தேர்ந்தெடுத்தார்கள். பின்புறத்தில் வெள்ளை எழுத்தில் உன் பெயர் இருக்கிறதே, அதன் மேல் ஒரு பலகையை வைத்துத் திருகி லேடி எலினார் என்று எழுதிவிட்டார்கள். படகின் பெயரை மாற்றினால் கடல் அதை அடையாளம் கண்டு திருப்பி அனுப்பாது என்று சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? நான் அழுதேன். உன் அப்பா சிரித்தார். "பேரை யாருடி மாத்தினா, மேல ஒரு பலகை வெச்சிருக்கு, அவ்வளவுதான், மழைக்குக் கோட்டு போட்டா நீ வேற ஆளாயிடுவியா" என்றார். பெட்ராக் மாமா அன்றிலிருந்து நம் படகில் காலை வைப்பதில்லை, மற்றவர்களும் அப்படித்தான். இத்தனைக்கும் மாமாவுக்கே பாதிரியார் வேஷம் கொடுத்திருக்கிறார்கள். பாதிரி என்ற சொல்லையே படகில் சொல்லக் கூடாது என்பவர் கறுப்பு அங்கியோடு துறையில் அலைகிறார், அவரைக் கண்டால் மற்றவர்கள் ஒதுங்குகிறார்கள், "நான்தாண்டா, பெட்ராக்டா" என்று கத்துகிறார். விசில் அடித்தால் காற்று வரும் என்று யாரோ டைரக்டரின் காதில் போட்டுவிட்டார்கள். மனுஷன் காலையும் மாலையும் கடலைப் பார்த்து விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டார். "அந்த ஆளு வாயில யாராச்சும் ஒரு கறி அடைச்ச பேஸ்டியத் திணிங்கய்யா" என்று பெட்ராக் மாமா பற்களைக் கடித்தார். நீ எட்டு வயதில் துறையில் நின்று விசில் அடித்ததற்கு நான் விட்ட அறை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் அப்பா கடலுக்குப் போயிருந்த நாள் அது.

கடைசியில் அக்டோபர் முடிகிற சமயத்தில் ஒரு மதியம் தென்மேற்கிலிருந்து எழும்பியது. படக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. படகு துறையை விட்டு வெளியேறி முனையைச் சுற்றித் திரும்ப வேண்டும், பாறை மேலிருந்து படம் பிடிப்பார்கள். கதாநாயகன் துறைக்குள்ளேயே இரண்டு முறை வாந்தி எடுத்துப் படுத்துவிட்டான், பாவம், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வேறு யாரும் அந்தப் படகில் ஏற மாட்டார்கள். உன் அப்பா அவனுடைய நீளக் கோட்டையும் நீளப் பொய் முடியையும் மாட்டிக்கொண்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், வெட்கமே படவில்லை, அத்தனை பேர் முன்னாலும் போக வேண்டாம் என்று கெஞ்சினேன். "இன்னிக்கு எடுத்தா இன்னியோட விட்டுது, எல்லாப் படகும் அவுந்துடும், நாம புள்ளயப் பாக்கப் போயிடலாம்" என்றார். பிடித்த சட்டையை விட்டுவிட்டேன். மணி அடித்தார்கள், நான் மீன் பெட்டிகளுக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே நின்றேன், அங்கிருந்து கடல் தெரியவில்லை. உன் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கக்கூட எனக்கு அனுமதி இல்லை கெரென்சா. மறுபடி மணி அடித்து நான் ஓடியபோது அவர் துறைக்குள் வந்துகொண்டிருந்தார், அந்தப் பொய் முடி ஒரு காதின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவரை அடித்தேன், பிறகு கட்டிக்கொண்டேன். படக்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கு அவர்களை ஒவ்வொருவராகத் தண்ணீரில் தள்ள வேண்டும் போல இருந்தது.

மறுநாள் அவருடைய ஈரக் கால்சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் நாலு திருகாணி இருந்தன, பித்தளை, புதுசு. அந்தப் பெயர்ப் பலகையில் பார்த்தவை மாதிரியே இருந்தன. அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இத்தனை வாரம் என்னைப் பார்த்துச் சிரித்த மனுஷன்.

பிலிமை லண்டனுக்கு அனுப்பிக் கழுவிப் பார்த்திருக்கிறார்கள். போன வியாழக்கிழமை இமோஜென் நம் சமையலறையில் வந்து பனியன்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். அலை அவ்வளவு அழகாக வந்திருக்கிறதாம், படகு ஏறி இறங்குவது பார்த்தவர்கள் நெஞ்சை அடைக்கிறதாம், ஆனால் பின்புறத்தில் தொடக்கம் முதல் கடைசி வரை கொட்டை எழுத்தில் கெரென்சா என்று தெரிகிறதாம். பலகை எங்கே போனது என்று கேட்டாள். "அலையில போயிருக்கும்மா" என்றார் உன் அப்பா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. அதனால் காட்சியை மறுபடி எடுக்க வேண்டும், அதற்கு இன்னொரு புயல் வேண்டும், அதுவரை ஏழு படகும் அவிழாது. ஓட்ட ஆள் அவர் ஒருவர்தான். புதுப் பலகையும் செய்து கொண்டுவந்துவிட்டார்கள். கடல் மறுபடி குளமாகிவிட்டது.

நீ மட்டும் போயேன் என்று என்னிடம் சொன்னார். அந்தப் பலகையோடு அவர் மறுபடி வெளியே போகிற நாளில் நான் விமானத்தில் உட்கார்ந்து என்ன செய்வேன்? உன் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் இங்கே ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அது என்னை அரிக்கிறது. சூட்கேஸ் படுக்கையறையில் அப்படியே இருக்கிறது, பூனை அதன் மேல்தான் தூங்குகிறது. குழந்தைக்குப் பின்னிய நீலக் கம்பளிச் சட்டையை இதோடு தனிப் பார்சலில் அனுப்புகிறேன், கழுத்து சிறிசாக இருந்தால் மேல் பொத்தானைத் திறந்துவிடு. வலி வந்தால் வீரம் காட்டாதே, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நசுக்கு, அதற்குத்தான் அவர் இருக்கிறார். அங்கே வெயில் காலம் தொடங்குகிறது என்று மதியம் வெளியே அலையாதே. அப்பா மேல் கோபப்படாதே. உன் பெயரை மூடிக்கொண்டு அவருக்குக் கடலுக்குப் போக மனசு வரவில்லை, அதனால்தான் உன்னிடம் வர முடியாமல் போயிற்று. திருகாணி விஷயத்தைப் போனில் ஜாடையாகக்கூடக் கேட்டுவிடாதே, உயிரே போய்விடும் அவருக்கு.

இன்று காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், பின் ஜன்னல் திறந்திருந்தது, ஓர் இலைகூட ஆடவில்லை. எங்கிருந்தோ விசில் சத்தம் கேட்டது. டைரக்டர்தான் என்று எரிச்சலோடு எட்டிப் பார்த்தேன், முற்றத்தில் யாரும் இல்லை. சத்தம் நின்றுவிட்டது. அப்போதுதான் என் உதடு குவிந்திருப்பது எனக்குத் தெரிந்தது. கையைத் துடைத்தேன், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன், பிறகு கடல் பக்கம் திரும்பி நின்று வேண்டுமென்றே அடித்தேன். அன்று உனக்கு விட்ட அறையை மன்னித்துவிடு. முடிந்தால் நீயும் அங்கிருந்து ஒன்று அடி.

பிரசவம் நல்லபடியாக முடிந்து தாயும் பிள்ளையும் நூறாண்டு இருங்கள். பிறந்ததும் தந்தி கொடு, ராத்திரியானாலும் பரவாயில்லை.

உன் அன்பு அம்மா